நான் பார்த்ததாக எழுதிய நிரல்

ஜூலை 3, வியாழன்

பெருமதிப்பிற்குரிய இதழாசிரியர் திரு. அறவாழி அவர்களுக்கு,

வணக்கம். இம்மாதக் கட்டுரை குறித்த நாளில் தங்களிடம் வந்து சேராமைக்கு முதற்கண் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். நூற்பாலை ஒன்றின் சம்பள மென்பொருளைப் புதுப்பிக்கும் பணி அலுவலகத்தில் நீண்டுவிட்டது. இதனைக் காரணமாகச் சொல்கிறேனேயன்றிச் சமாதானமாகச் சொல்லவில்லை. 'வரிக்கு வரி' பகுதிக்கான கட்டுரை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தலைப்பை மாற்றாதிருக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
த. வசந்தாமணி

கடிதங்களை முதலில் இந்நாட்குறிப்பில் எழுதிச் செப்பம் செய்த பின்னரே அனுப்புவது என் வழக்கம். பிளஸ் டூவோடு நின்று, நூற்பாலை அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, அங்கு வந்திறங்கிய முதல் கணினியின் கையேட்டை அகராதியின் துணையோடு படித்து நிரல் எழுதக் கற்றவள் நான். ஒரு சொல் பிசகினால் போதும், 'படிக்காதவங்கதானே' என்று சொல்லக் காத்திருப்போர் உண்டு. எனவே பிசகுவதில்லை.

கட்டுரைக்கான பொருள் செய்தித்தாளில் கிடைத்தது. ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில், ஒரு காலைப்பொழுது முழுவதும் பரிசோதனை முடிவுகள் ஆள் மாறிப் போயிருக்கின்றன. மாமியாரின் சர்க்கரை அளவு மருமகளின் பெயரிலும், மருமகள் கருவுற்ற செய்தி மாமியாரின் பெயரிலும் வந்ததாம். செய்தியோடு ஒரு புகைப்படம். மருத்துவமனைக் கணினியின் திரை, அதில் கைபேசி எண் குறித்து ஆங்கிலத்தில் ஒரு பிழைச்செய்தி. அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. கட்டுரையில் இவ்வாறு முடித்தேன்:

'ஒரு கைபேசி எண்ணுக்கு ஒரே மனிதர் என்று எண்ணி எழுதப்பட்ட நிரல் இது. நம் ஊரில் ஓர் எண் ஒரு குடும்பத்துக்கே சொந்தம் என்பதைப் பட்டம் பெற்ற இந்நிரலாளருக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை போலும். நிரலை வரிக்கு வரி பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். இது அவசரத்தில் நேர்ந்த பிழையன்று, அறியாமையில் விளைந்தது.'

பகுதியின் பெயரே 'வரிக்கு வரி' என்பதால் அச்சொற்றொடர் தானாக வந்து பொருந்திற்று.

மாலையில் அறவாழி அழைத்தார். "அம்மா, கட்டுரை பிரமாதம். ஒரே ஒரு சந்தேகம். நிரலைப் பாத்தேன்னு எழுதியிருக்கீங்க. நிஜமாவே பாத்தீங்களா?"

"பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதும் பழக்கம் எனக்கில்லை."

"கோவிச்சுக்காதீங்கம்மா. வக்கீல் நோட்டீஸ் வந்தா நான்தான பதில் சொல்லணும்."

இவ்வுரையாடலை இங்கே குறிக்க வேண்டிய அவசியமில்லை. ஏனோ எழுதிவிட்டேன்.

ஜூலை 12, சனி

இதழ் வந்தது. என் கணவர் தண்டபாணி மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். அவரைக்காய் நறுக்கியபடி என் பக்கத்தை உரக்கப் படிப்பது அவருடைய மாதாந்திரக் கடமை. முதலில் துணுக்குகள். பால் தீர்ந்துவிட்டதைக் கைபேசிக்குத் தெரிவிக்கும் குளிர்பதனப் பெட்டியைப் பற்றி, 'எங்கள் வீட்டில் அச்செய்தியை என் கணவர் தெரிவிக்கிறார்; அவருக்குச் சந்தா கிடையாது' என்று எழுதியிருந்தேன். அவர் சிரித்ததில் ஒரு காய் கீழே விழுந்தது. அடுத்து, தவறைச் சுட்டிக்காட்டியவுடன் மன்னிப்புக் கேட்கும் செயற்கை அறிவைப் பற்றியது: 'சொன்னவுடன் தவறை ஒப்புக்கொள்கிறதாம். மனிதரைப் போலவே இருக்கிறது என்று இதனை எவ்வாறு விளம்பரப்படுத்துகிறார்களோ தெரியவில்லை.'

பிறகு மருத்துவமனைக் கட்டுரை. முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெச்சு வாங்கிட்டயே அம்மிணி அந்தப் புள்ளைய."

"பெண் என்று நான் எழுதவேயில்லையே."

"நீ எழுதுல. பேப்பர்க்காரன் அன்னைக்கே எழுதிப்போட்டான், ப்ரோக்ராம் பண்ணுனது ஒரு சின்னப் புள்ளைனு. ஆமா, அவிய ப்ரோக்ராமு உனக்கெப்படி கெடச்சுது?"

"பருப்பு பொங்குகிறது பாருங்கள்."

பருப்பு பொங்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி காய் நறுக்கத் தொடங்கினார்.

ஜூலை 14, திங்கள்

எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் படித்து, 'முழுவதும் படித்தேன்' என்று பதிந்து, பெயரிட்ட பின்னரே அது ஆலைக்குப் போகும். இவ்விதியைக் கொண்டுவந்தவள் நான். மெஹருன்னிசா என்னோடு நெடுங்காலம் பணியாற்றுபவர். இன்று அவர் அவ்வாறு பதிந்திருந்த ஒன்றைத் திறந்தேன். கூடுதல் நேரச் சம்பளக் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரியக்கூடிய பிழை.

"மெஹருன்னிசா, இதை நீங்கள் படிக்கவில்லை."

"பாதி படிச்சேன் மேடம். மீதி பழைய கோடுதானேன்னு விட்டுட்டேன்."

"பாதி படித்தேன் என்று பதிந்திருக்கலாமே."

"அப்படிப் போட யாருக்கு மேடம் தைரியம் வரும்?"

சுற்றியிருந்த மேசைகளில் சிரிப்பு. அவரும் சிரித்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டு, "மேடம், அந்த ஆஸ்பத்திரி கோடு உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? நாங்க ரெண்டு நாளா நெட்டுல துழாவிட்டோம், எங்கயுமே இல்ல" என்றார்.

"சில வழிகள் உண்டு" என்றேன்.

"பாத்தீங்களா! அதான் எங்க மேடம்!" என்று மற்றவர்களிடம் சொன்னார். அந்தப் பெருமிதத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரை மறுபடி படிக்கும்படி பணிக்கவில்லை. நானே படித்துத் திருத்தினேன்.

ஜூலை 15, செவ்வாய்

இதழின் முகவரி வழியாக ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. பொறுமையாகப் பதில் எழுத வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

பொறுமை வரவில்லை. மின்னஞ்சலை எழுதியவர் பூங்கோதை. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். மருத்துவமனை மென்பொருளை எழுதிய ஈரோட்டு நிறுவனத்தில் பணிபுரிபவர். செய்தித்தாள் சொன்ன 'சின்னப் புள்ளை' அவர்தான்.

மடலில் விளிப்பு முறையாக இல்லை. பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக இருக்கிறது. பத்தி பிரிக்கத் தெரியவில்லை. இத்தகைய குறைகளை நான் எழுதிக்கொண்டே போகலாம்.

அவர் சொல்வது இது. ஒரே எண்ணைக் குடும்பத்தில் பலர் கொடுப்பார்கள் என்பது அவருக்கு முன்பே தெரியும். அவர் வீட்டிலேயே நால்வருக்கு அவருடைய அண்ணனின் எண்தான். எனவே, 'இந்த எண்ணில் மூவர் உள்ளனர். இது யாருடையது?' என்று கேட்கும் ஒரு திரையை அமைத்திருந்தார். அதனால் வரவேற்பு மேசையில் வரிசை நீளுகிறதென்று மருத்துவமனை கோபித்தது. அதை எடுத்துவிடும்படி அவருடைய மேலாளர் தொலைபேசியில் சொன்னார். எடுத்தார். மறுநாள் காலை எல்லாம் மாறிப்போயிற்று. தொலைபேசியில் சொன்னது எதையும் மேலாளர் இப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசி வரிகளை அப்படியே எழுதுகிறேன்: 'நீங்க கோடு பார்த்திருந்தா அந்த ஸ்கிரீன் இருந்த இடமும் அதை எடுத்த இடமும் தெரிஞ்சிருக்குமே மேம். தெரிஞ்சும் ஏன் எழுதலைன்னு மட்டும் சொல்ல முடியுங்களா? தப்பா கேட்டிருந்தா மன்னிச்சிருங்க.'

ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். 'தங்கள் மடல் கிடைக்கப்பெற்றேன். ஒரு நிரலின் உட்கூறுகள் அனைத்தையும் பொதுவாசகருக்கான கட்டுரையில் விவரித்தல் இயலாது என்பதைத் தாங்கள் உணர்வீர்கள் என...'

வாக்கியம் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. அதனால்தான் நிறுத்தினேன்.

ஜூலை 19, சனி

காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அழைப்பு. என் எண்ணை அறவாழியிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"மேம், பூங்கோதைங்க. மெயில் போட்டிருந்தேன். பேசலாமுங்களா?"

"உங்கள் மடலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்."

"அது இருக்கட்டும் மேம். இப்ப வேற ஒண்ணு ஆகிப்போச்சு." கதவைச் சாத்தும் ஓசை கேட்டது. "எங்க கோடு ஆபீஸை விட்டு வெளிய போகவே போகாது மேம். நீங்க பாத்தேன்னு எழுதியிருக்கீங்க. அப்ப உள்ள இருந்து யாரோ குடுத்திருக்கணும்ல? நான்தான் குடுத்தேங்கறாங்க. எம்மேல தப்பில்லைன்னு ஊருக்குக் காட்ட உங்ககிட்டக் குடுத்தேனாம்."

"என் கட்டுரை உங்களுக்கு எதிராகத்தானே இருக்கிறது."

"நானும் அதத்தான் சொன்னேன். 'குடுத்தது ஒண்ணு, அந்தம்மா எழுதுனது ஒண்ணு'ன்னு சிரிக்கறாங்க மேம். பிழை விட்டதுக்கு வார்னிங்கோட போயிருக்கும். கோடு வெளிய குடுத்தா வேலையை விட்டே தூக்குவாங்க. அடுத்த இடத்துலயும் எடுக்கமாட்டாங்க. திங்கக்கிழமை கம்பெனி விசாரணை ஆபீசருகிட்ட வரச் சொல்லியிருக்காங்க."

ஈரத்துணி தோளில் கிடந்தது.

"யாரு குடுத்தான்னு நான் கேக்கல மேம். நான் இல்லைன்னு மட்டும் ஒரு லெட்டர் போடுங்க. அது போதும்."

"போடுகிறேன்" என்றேன். அவர் நன்றி சொன்னார். மூன்று முறை சொன்னார்.

ஜூலை 20, ஞாயிறு

விசாரணை அலுவலர் திரு. சிவசைலம் அவர்களுக்கு எழுதி அனுப்பியது:

'எனது கட்டுரையில் குறிப்பிடப்பட்ட நிரல், செல்வி பூங்கோதை அவர்களால் எனக்கு அளிக்கப்பட்டதன்று என்பதை உறுதிபடத் தெரிவித்துக்கொள்கிறேன். செய்தி கிடைத்த வழியை வெளியிடுதல் எழுத்தறத்துக்கு மாறாகும் என்பதால் அதுபற்றி மேலும் கூறுவதற்கில்லை.'

சொல்லுக்குச் சொல் ஆராய்ந்தால் இதில் பொய்யில்லை. அவர் எனக்கு அளிக்கவில்லை. செய்தி கிடைத்த வழி என ஒன்று உண்டு. அது வீட்டு வாசலில் விழும் செய்தித்தாள்.

கணவரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "ஆளைக் காட்டிக்குடுக்காம, புள்ளையையும் காப்பாத்திட்ட. உன்னாட்ட எழுதறதுக்கு எவனிருக்கான்?" என்றார். காப்பி தானே போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

பூங்கோதையிடமிருந்து:

'மேம், லெட்டருக்கு ரொம்ப நன்றி. நான் குடுக்கலைன்னா டீம்ல வேற யாரோன்னு நிவேதாவையும் நேத்தே வெளிய நிறுத்திட்டாங்க. அவ என் பக்கத்து சீட். நாங்க ஒரே ஹாஸ்டல் ரூம். என்னையும் இன்னும் உள்ள சேர்க்கலை, விசாரணை முடியலை, வெள்ளிக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்காங்க.'

நிவேதா என்ற பெயரை இதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஜூலை 23, புதன்

அலுவலகம் செல்லவில்லை. காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. கணவர் படையலுக்கு வாழையிலை அறுத்துக்கொண்டு வந்தார். நான் வடைக்கு அரைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரரிடம் என் கடிதத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "பத்திரிகைக்காரங்க தர்மமுங்க அது. உசுரே போனாலும் சொல்லமாட்டாங்க" என்பது சமையலறை வரை கேட்டது. அவர் உள்ளே வந்ததும் சொன்னேன்.

"அந்த நிரலை நான் பார்க்கவில்லை."

"எந்த நிரலை?"

"ஆஸ்பத்திரி நிரல். யாரும் கொடுக்கவில்லை. பேப்பரில் வந்த போட்டோவைப் பார்த்து ஊகித்து எழுதினேன்."

அவர் முதலில் சிரித்தார். விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"போட்டோவுல பாத்ததா?"

"ஆம்."

"அப்ப அந்தக் கடுதாசி?"

"அதுவும் பொய்தான்."

கிடந்த எச்சில் இலைகளை எடுத்து மடித்தார். கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பின்கட்டுக்குப் போய்க் கை கழுவிவிட்டு, முதுகைக் காட்டியபடியே கேட்டார். "ரெண்டு புள்ளைங்களும் இப்ப எங்க இருக்குதுக?"

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டிருக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

காலைப் பேருந்தில் ஈரோடு சென்றேன். கணவர் உடன் வருவதாகச் சொன்னார், வேண்டாமென்றேன். பவானி சாலையில் ஒரு வங்கியின் மாடியில் அந்நிறுவனம். கூடத்தில் ஒரு நீள இருக்கை. அதில் ஒரு பெண்ணும், வேட்டி கட்டிய அவளுடைய தந்தையும். அவள்தான் பூங்கோதை என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. நான் யாரென்று சொல்லாமல் உள்ளே போனேன். இதையும் எழுதிவைக்க வேண்டும்.

சிவசைலம் என் வயதினர். எழுந்து நின்று வரவேற்றார். "உங்க பத்தியைத் தவறாமப் படிக்கிறேன் மேடம். சொல்லுங்க, யாரு குடுத்தது?"

"யாரும் கொடுக்கவில்லை. நான் அந்த நிரலைப் பார்க்கவேயில்லை."

"புரியல."

"செய்தித்தாளில் வந்த புகைப்படத்தில் ஒரு பிழைச்செய்தி இருந்தது. அதை வைத்து ஊகித்தேன். பார்த்தேன் என்று எழுதிவிட்டேன்."

"வரிக்கு வரின்னு போட்டிருந்தீங்களே?"

"ஆம்."

"அப்ப போன வாரம் எழுதின கடிதம்?"

"முதல் பொய்யைக் காப்பாற்ற எழுதியது."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சினம் எதுவுமில்லை. வெறுமனே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டார். "மேடம், நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

இக்கேள்வியை என்னிடம் கேட்காத அலுவலகம் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் தலை நிமிர்ந்து, 'எந்தப் பட்டமும் இல்லை. ஆனால் நான் படிக்காத நிரலைப் பற்றி வாய் திறப்பதில்லை' என்று சொல்லியிருக்கிறேன். அந்த விடையைச் சொல்லியே இத்தனை தூரம் வந்தேன்.

"பிளஸ் டூ" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன். பிறகு சொன்னார். "எனக்குப் புரியுது. ஆனா ஆஸ்பத்திரிக்காரங்க கையில உங்க இதழ் இருக்கு மேடம். கோடு வெளிய போச்சுன்னு அவங்க ஒப்பந்தத்தையே முறிக்கப் பாக்கறாங்க. நீங்க ரூமுக்குள்ள சொல்றது அவங்களுக்குப் போய்ச் சேராது. எங்க எழுதினீங்களோ அங்கயே மறுத்து எழுதுங்க. புதன்கிழமை போர்டு கூடுது. அதுக்குள்ள அச்சுலயோ உங்க பத்திரிகைத் தளத்துலயோ வந்தா ரெண்டு பேரையும் திரும்பச் சேத்துக்க என்னால சொல்ல முடியும். வரலைன்னா முடியாது."

வெளியே வந்ததும் பூங்கோதை எழுந்தார். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை போலும்.

"நீங்கதான் வசந்தாமணி மேமுங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப யாருமே குடுக்கலையா?"

"யாரும் கொடுக்கவில்லை."

அவர் தந்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார் பூங்கோதை.

"நான் நிவேதா மேல சந்தேகப்பட்டேன் மேம். அவதான் எம்மேல பொறாமையில குடுத்துட்டான்னு. ரூம்ல அவளைப் பாத்துக் கேக்கக்கூடாததெல்லாம் கேட்டுட்டேன். அவ பெட்டியெடுத்துட்டு அவங்க ஊருக்குப் போயிட்டா. போன் போட்டா எடுக்கமாட்டேங்கறா."

மன்னிப்புக் கோருவதற்குத் தமிழில் எத்தனையோ தொடர்கள் இருக்கின்றன. அனைத்தும் எனக்குத் தெரியும். ஒன்றும் வரவில்லை. அவர் தந்தைதான், "வெய்யல்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

ஜூலை 26, சனி

அறவாழியைக் காலையில் அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அம்மா, நான் உங்ககிட்ட அன்னைக்கே கேட்டேன்."

"கேட்டீர்கள்."

"இப்பப் போட்டா பத்திரிகை பேரு என்ன ஆகும்? ஒண்ணு பண்ணலாம். அடுத்த இதழ்ல கடைசிப் பக்கத்துல, 'சில தகவல்களை உறுதிப்படுத்த இயலவில்லை'ன்னு சின்னதா ஒரு வரி. நீங்க எழுதினா அழகா இருக்கும்மா. யாருக்கும் உறுத்தாது."

அவ்வரியை எவ்வளவு அழகாக எழுதலாம் என்று என் மனம் அப்போதே அமைக்கத் தொடங்கிவிட்டது. அதற்காகவும் வெட்கப்பட்டேன். வேண்டாம், நான் எழுதி அனுப்புவதை அப்படியே தளத்தில் போடுங்கள் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். மாலை வரை அழைப்பு இல்லை. கீழ்க்கண்டதை அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகே இங்கே எழுதிக்கொள்கிறேன்.

அறவாழி,

'வரிக்கு வரி'யில் கீழே உள்ளதைப் போடுங்கள். எதையும் மாற்ற வேண்டாம்.

மருத்துவமனை மென்பொருளின் நிரலை நான் பார்த்ததில்லை. பார்த்தேன் என்று எழுதியது பொய். எனக்கு யாரும் எதையும் கொடுக்கவில்லை. செய்தித்தாளில் வந்த புகைப்படத்தை வைத்து ஊகித்தேன். அந்த ஊகமும் தவறு. அதை எழுதிய பெண்ணுக்கு நம் ஊரும் தெரிந்திருந்தது, வேலையும் தெரிந்திருந்தது. இதில் தெரியாமல் பேசியவள் நான் ஒருத்திதான்.

இதன் பிறகு என் பத்தி வர வேண்டாம் என்றால் சரி. என் பெயரைப் போட்டே இதை வெளியிடுங்கள். புதன்கிழமைக்குள் வராவிட்டால் இரண்டு பெண்களுக்கு வேலை போய்விடும்.

போடுகிறீர்களா இல்லையா என்று உடனே பதில் எழுதுங்கள்.

வசந்தாமணி